ஆடினாலே மோசடி என்று யார் சொன்னது?

உயரமான கட்டடம் ஒன்று காற்றில் ஆடும் அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். காற்று அடிக்கிறது, சரவிளக்கு ஆடுகிறது, கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது, யாரோ பதறுகிறார். அவர் பதறுவதில் நியாயம் இருக்கிறது. அத்தனை உயரத்தில் தரை நகர்வதுபோல் இருந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். என் கோபமெல்லாம் "கம்பியிலும் சிமெண்ட்டிலும் கைவைத்திருக்கிறான் இன்ஜினியர்" என்று அதன்மேல் எழுதிப் பரப்பியவர்கள் மேல்தான்.

உயரமான கட்டடம் ஆடும். ஆடும் என்று தெரிந்து, எவ்வளவு ஆடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். காற்றில் உச்சி எவ்வளவு நகரலாம் என்பதற்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வரம்பு, உயரத்தில் 500-இல் ஒரு பங்கு. 300 மீட்டர் கட்டடத்துக்கு 60 சென்டிமீட்டர். யாரும் ஒளித்து வைத்த எண் இல்லை இது.

"ஆடாமலே கட்ட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். எடையைத் தாங்குவதுதான் பெரிய வேலை என்று நினைப்பதால் வரும் கேள்வி. ஒரு காலத்தில் அது உண்மை. சிகாகோவில் 1891-இல் முடிந்த மொனாட்நாக் கட்டடத்துக்கு 16 மாடி. செங்கல் சுவரே சுமை தாங்கியதால் அடியில் சுவரின் கனம் மட்டும் 6 அடி. இன்னும் ஏறினால் கீழ்த்தளத்தில் சுவர்தான் மிஞ்சும். அதே ஊரில் வில்லியம் லெ பாரன் ஜென்னி 1885-லேயே ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தில் சுமையின் பெரும்பகுதியை இரும்புச் சட்டத்திடம் கொடுத்துவிட்டார். எடைக்கு வழி பிறந்தது. அதன்பிறகு மல்லுக்கு நின்றது காற்று.

காற்றின் கணக்கு கொடூரமானது. அதே அகலம், அதே சட்டம், உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். அடியில் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை 4 மடங்காகும், உச்சியின் நகர்வு 16 மடங்காகும். மேலே போகப்போகக் காற்றின் வேகமும் கூடும், வேகம் இரட்டித்தால் அழுத்தம் 4 மடங்கு. இதை வெறும் இரும்பைக் கொட்டி அடக்க முடியாது. டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான் தூண்களை வெளிச்சுற்றுக்குக் கொண்டுபோய், முழுக் கட்டடத்தையும் ஒரே குழாயாக நிற்கவைத்தார். 1931-இல் திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 206 கிலோ ஸ்டீல் பிடித்தது. 1969-இல் கான் கட்டிய சிகாகோவின் 100 மாடி ஹான்காக் கட்டடத்துக்கு ஏறக்குறைய 145 கிலோதான். கம்பி குறைந்தால் திருட்டு என்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அசையாமல் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஹான்காக் என்ற அதே பெயரில் பாஸ்டனில் 60 மாடிக் கோபுரம் ஒன்று. 1970-களில் அதன் கண்ணாடிப் பலகைகள் உடைந்து தெருவில் விழுந்தன. இரட்டைக் கண்ணாடியின் விளிம்பை ஈயப் பற்றவைப்பால் ஒட்டியிருந்தார்கள். வெயிலுக்கும் காற்றுக்கும் கண்ணாடி கொஞ்சம் நகர வேண்டும், அந்த ஒட்டு விட்டுக்கொடுக்கவில்லை, கண்ணாடி விரிசல் விட்டது. கடைசியில் 10,344 பலகைகளையும் மாற்றினார்கள். சொன்னதையே சொல்கிறேன் என்பீர்கள், பரவாயில்லை: அசைய இடம் விடாததுதான் உடைந்தது.

நம் உடம்புக்குத் தெரிவது எத்தனை சென்டிமீட்டர் என்பது அல்ல, எவ்வளவு வெடுக்கென்று என்பதுதான். அதனால் உச்சி மாடியின் முடுக்கத்துக்குத் தனி வரம்பு உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் காற்றில், குடியிருப்பு என்றால் புவியீர்ப்பு முடுக்கத்தில் 1 முதல் 1.5 சதவீதம், அலுவலகம் என்றால் 2 முதல் 2.5 வரை என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள். இதைக் குறைக்கத்தான் தைவானின் தைபே 101 கோபுரத்தில் 660 டன் எஃகுக் குண்டு தொங்குகிறது. 12.5 சென்டிமீட்டர் கனத்தில் 41 தகடுகளை அடுக்கிச் செய்த 5.5 மீட்டர் குண்டு. கட்டடத்தின் ஆட்டக் கதிக்கே, அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப அது எடுக்கும் நேரத்துக்கே, குண்டையும் பொருத்தியிருப்பதால், கட்டடம் ஒரு பக்கம் போக அது பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அதன் அடியில் உள்ள எண்ணெய் உருளைகள் அந்த ஆட்டத்தை வெப்பமாக்கிக் கரைக்கின்றன. கதி பொருந்தாவிட்டால் அது சும்மா தொங்கும் பாரம். 2015-இல் சௌடெலோர் புயலில் அந்தக் குண்டு 1 மீட்டர் ஆடியது. அன்று அது தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

"2021-இல் சீனாவின் ஷென்செனில் எஸ்இஜி பிளாசா என்ற உயரமான கட்டடம் ஆடியபோது எல்லோரையும் வெளியேற்றினார்களே?" ஆமாம், வெளியேற்றியது சரிதான். அங்கே புயல் எதுவும் இல்லை. கூரைமேல் இருந்த கம்பத்தின் இரு பக்கமும் காற்று மாறிமாறிச் சுழன்று, அந்தத் துடிப்பு கட்டடத்தின் ஆட்டக் கதியோடு ஒத்துப்போனது. கம்பத்தைக் கழற்றினார்கள், ஆட்டம் போனது. பலத்த காற்றில் ஆடுவது எதிர்பார்த்தது, பலத்த காற்று இல்லாமலே ஆடினால் இறங்கி ஓடுங்கள். இந்த வித்தியாசத்தைக்கூடச் சொல்லாமல் பயத்தை மட்டும் பரப்பியதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்து சிட்டிகார்ப் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். நியூயார்க்கில் 1977-இல் முடிந்த 59 மாடி, தூண்கள் மூலைகளில் இல்லாமல் பக்கங்களின் நடுவில். வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளைப் போல்ட்டாக மாற்றிவிட்டார்கள். மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அது போதாது என்று 1978-இல் கண்டுபிடித்தவர், அதை வடிவமைத்த வில்லியம் லெமெஷூரியரே. தன் பெயர் கெடும் என்று தெரிந்தும் உரிமையாளரிடம் போய்ச் சொன்னார். இரவிரவாக ஏறக்குறைய 200 இணைப்புகளில் 2 அங்குலத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். "1995 வரை ஊருக்குச் சொல்லவில்லையே" என்றால், அது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் தன் கணக்கைத் தானே திரும்பப் போட்டுப் பார்க்கிற ஆட்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் கட்டடத்தின் மாதிரியை வைத்து ஒவ்வொரு திசையாகத் திருப்பித் திருப்பி அளப்பவர்களை, ஒரு சரவிளக்கைக் காட்டித் திருடன் என்று எழுத எப்படி மனம் வருகிறது?

உயரத்தில் குடியிருக்கிறீர்களா, பயமாக இருக்கிறதா? நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். காற்றுச் சுரங்கச் சோதனையில் உச்சி மாடியின் முடுக்கம் எவ்வளவு வந்தது? கட்டி முடித்தபின் நிஜ ஆட்டக் கதியை அளந்தார்களா? டேம்பர், அதாவது தைபே குண்டுபோல ஆட்டத்தை அடக்கும் கருவி, இருந்தால் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? பலத்த காற்றில் கயிறு அலைந்து சுவரில் அடிக்காமல் இருக்க லிஃப்ட் தானாக வேகம் குறைகிறதா? பதில் வரவில்லை என்றால் இங்கே எழுதுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.