மட்டக்குதிரைக் கதைகள்: மேலுறை கடைசியில், பாடம் முதலில்

பழைய பிரிட்டிஷ் மட்டக்குதிரைக் கதைகளை, அதாவது 'போனி' எனும் சிறு குதிரைகளைப் பற்றிய சிறுவர் கதைகளை, சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே மேலுறையோடு (அட்டைமேல் போர்த்திய தாளுறையோடு) கூடிய முதல் பதிப்பைத் தேடி ஓடுகிறார்கள். பாதிக் காசு அங்கேயே கரைந்துவிடுகிறது. என் கட்சி இதுதான்: முதலில் முழுப் பாடம் (ஆசிரியர் எழுதியபடியே, வெட்டாத வாசகம்), அடுத்து படங்கள், மேலுறை கடைசி. முதுகு வெளுத்து, மேலுறை தொலைந்து, முதல் தாளில் ஏதோ ஒரு சிறுமி பென்சிலால் பெயர் எழுதிவைத்த கெட்டி அட்டைப் பிரதி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

காரணம், பாடபேதம்: ஒரே நூலின் வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. ஏட்டுச்சுவடிகளுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல அது. மோனிகா எட்வர்ட்ஸின் முதல் கதை 'விஷ் ஃபார் எ போனி' 1947இல் காலின்ஸ் வெளியீடாக வந்தது. அவர் கதைகள் பல பின்னாளில் அர்மடா என்ற சிறுவர் நூல் வரிசையில் பேப்பர்பேக்காக வந்தபோது சுருக்கப்பட்டன. இப்படிச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது சதுப்பு நில வருணனையும் பண்ணை வேலை விவரமும்தான். கதை மிஞ்சும், ஊர் போய்விடும். ஜில் என்ற சிறுமியைப் பற்றிய ரூபி ஃபெர்குசனின் வரிசையில் இன்னொரு விதம். 1949இலிருந்து 1962 வரை ஒன்பது புத்தகங்கள். பிற்காலப் பதிப்புகளில் ஜில்லின் முதல் குதிரைக்குப் பெயரே மாறிவிட்டது. கேனி வரைந்த படங்கள் போய் வேறு கை வந்தது. சில தலைப்புகளும் மாறின. 'ஜில் என்ஜாய்ஸ் ஹர் போனிஸ்' பின்னாளில் 'ஜில் அண்ட் தி ரன்அவே' ஆனது. இது தெரியாமல் ஒரே கதையை இரண்டு முறை வாங்கியவர்கள் உண்டு.

சுருக்கம் என்றால் இந்த வகைக் கதைக்குக் கூடுதல் நஷ்டம். 1877இல் 'பிளாக் பியூட்டி'யில் குதிரையே தன் கதையைச் சொன்னது. 1929இல் பிரிட்டனில் போனி கிளப் தொடங்கியது. குதிரையேற்றம் கற்கும் பிள்ளைகள் பெருகினார்கள். 1936இல் ஜோனா கேனனின் 'எ போனி ஃபார் ஜீன்' வந்தபோது கதையின் நடுவில் நின்றது குதிரை அல்ல, சிறுமி. அவருடைய மகள்கள் மூவரும் அதே வழியில் எழுத வந்தார்கள். அவர்களில் ஜோசபின் புல்லைன்-தாம்சனின் 'சிக்ஸ் போனிஸ்' 1946இல் வந்தது. குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது, சேணவாரை எவ்வளவு இறுக்குவது, வேர்த்த குதிரையை எப்படி ஆற்றுவது என்று கதைக்குள்ளேயே பாடம் நடக்கும். வெட்டினால் அதுவும் சேர்ந்து போகிறது.

வெட்டிய பிரதியா என்று கண்டுபிடிக்கப் பக்க எண்ணிக்கையை நம்பாதீர்கள், எழுத்தின் அளவு ஏமாற்றும். பத்து வரிகளின் சொற்களை எண்ணிப் பத்தால் வகுத்து, அதைப் பக்கத்தின் வரி எண்ணிக்கையாலும் பக்கங்களாலும் பெருக்குங்கள். வரிக்கு 11 சொல், 33 வரி, 220 பக்கம் என்றால் சுமார் 80,000. பேப்பர்பேக்கில் 9 சொல், 38 வரி, 150 பக்கம் என்றால் 51,000தான். பத்து சதவீத வித்தியாசம் கணக்கின் பிசகு; இவ்வளவு பெரிய இடைவெளி கத்தரிக்கோலின் வேலை. விற்பவரிடம் அத்தியாயப் பட்டியலையும் ஒரு முழுப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னால் போதும். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணைப் போட்டுத் தேடாதீர்கள். 1950களின் புத்தகத்துக்கு அது கிடையாது. மறுபதிப்பின் எண்ணை ஒட்டவைத்த விளம்பரம்தான் அகப்படும். மோனிகா எட்வர்ட்ஸுக்கு கேர்ல்ஸ் கான் பை பதிப்பகத்தின் பேப்பர்பேக்குகள் முழுப் பாடத்தோடும் பழைய படங்களோடும் வந்தவை. அவற்றை இரண்டாந்தரமாக நினைப்பது வீம்பு.

மேலுறைக்குத்தான் காசு கொடுப்பேன் என்றால் அதன் பின்பக்கத்தை வாசியுங்கள். 1949இன் 'ஜில்ஸ் ஜிம்கானா' என்று சொல்லப்படும் பிரதியின் மேலுறையில், 1952இல் வந்த 'ஜில் ஹாஸ் டூ போனிஸ்' பற்றிய விளம்பரம் இருந்தால், அந்த மேலுறை பிற்கால அச்சிலிருந்து கழற்றி மாட்டியது. விலையைப் பாருங்கள்: ஷில்லிங்கில் இருக்க வேண்டும், அந்தப் பழைய நாணய முறை போய் பிரிட்டனில் தசம நாணயம் வந்தது 1971 பிப்ரவரி 15இல். விலை அச்சான மூலையை வெட்டியிருந்தால் அந்தச் சாட்சி போச்சு. நகல் மேலுறையின் உட்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். மடிப்பில் நார் தெரியாது. பழைய கிழிசலும் படமாகவே அச்சாகியிருக்கும், விரலால் தடவினால் வழவழப்புதான். நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. மறைத்து விற்பது மோசடி.

1940களின் தாள் மெலிந்து பழுப்பாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். போர்க்காலத்தில் தொடங்கிய தாள் ரேஷன் 1949 வரை நீடித்தது. அந்தத் தாள் ஓரத்தில் முறியும், ஆகவே புத்தகத்தை 180 டிகிரி விரித்து ஸ்கேன் செய்யாதீர்கள். செல்லோடேப் கூடவே கூடாது. பசை தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாக நிற்கும். மேலுறைக்கு பாலியெஸ்டர் உறை போடுங்கள். பிவிசி நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை வாடைக்கு, மூடிய பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடா, மேலே படாமல் தள்ளிப் புத்தகம், இரண்டு மூன்று வாரம். வாசனைத் தெளிப்பான் அடித்தால் இரண்டு நாற்றமாகும். பென்சில் கிறுக்கலை வெள்ளை ரப்பரால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தேய்க்கலாம். சிறுமி எழுதிய பெயரை மட்டும் அழிக்காதீர்கள்.

படப் புத்தகங்களில் கடைசியாக ஒரு சோதனை. 1929இல் வந்த 'மூர்லண்ட் மவுசி' போன்றவற்றில் லயனல் எட்வர்ட்ஸ் வரைந்த முழுப்பக்கப் படங்களை பிளேடால் அறுத்துச் சட்டம் போட்டு விற்றுவிடுகிறார்கள். முன்னால் உள்ள படப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். குறைந்தால் தையல் ஓரத்தைப் பாருங்கள்: இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் நேராக வெட்டிய தாள்துண்டு நின்றுகொண்டிருக்கும்.