"முழுகாம இருக்கியா?"

என் சித்தி மகளுக்கு 21 வயசு. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷின் வேலை. கல்யாணமாகி நாலாவது மாசமே குடியாத்தத்தில் அவள் தெருவில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், "முழுகாம இருக்கியா?" என்று. கல்யாணக் கடன் அடையட்டும், இரண்டு வருஷம் போகட்டும் என்பது அவளும் மாப்பிள்ளையும் பேசிவைத்த முடிவு. அது தெருவுக்குத் தெரியாதே.

சுகாதார நிலையத்துக்குத் தனியாகப் போய்க் கருத்தடைக்கு வழி கேட்டிருக்கிறாள். அங்கிருந்தவர் சொன்ன பதில்: "முதல்ல ஒண்ணு பெத்துக்கோ, அப்புறம் பார்க்கலாம்." மாமியார் கூட வரலையா என்ற கேள்வி வேறு. கருத்தடைக்கு மாமியார் சம்மதம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்த ஒருவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. 1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாடு நம்முடையது. ஆனாலும் குடும்பக் கட்டுப்பாடு என்றால் இங்கே ஆபரேஷன்தான். இரண்டாவது பிரசவத்தோடு கணக்கு முடிந்தது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷன் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. (இத்தனைக்கும் ஆண்களுக்குத்தான் அது சுலபம்.) பிள்ளை போதும் என்பவளுக்கு வழி இருக்கிறது. இன்னும் வேண்டாம் என்பவளிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

பேச விஷயம் இல்லாமலா? மூன்று மாசத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா கருத்தடை ஊசி 2017-லிருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாசம் பிடிக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் 'ஊசி போட்டதால மலடாயிட்டா' என்று ஊர் கதை கட்டும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி-யை எடுத்துவிட்டால் அந்தத் தாமதம்கூட இல்லை. சாயா கருத்தடை மாத்திரை லக்னோ ஆய்வகத்தில் உருவானது. முதல் மூன்று மாசம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று.

கல்யாணமாகாத பெண்ணின் பாடு இன்னும் மோசம். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரைக்குச் சட்டப்படி டாக்டர் சீட்டு தேவையில்லை. நம்மூர் மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் ஒரு பக்கம், மேலும் கீழுமாக ஒரு பார்வை இன்னொரு பக்கம்.

கடைசியில் பக்கத்து ஊர் நர்ஸம்மா ஒருத்தர் தங்கையை ஓரமாக உட்காரவைத்து எல்லாம் விளக்கி, சாயா கொடுத்தார். இப்போது வாரம் ஒன்று, புதன்கிழமை. மாத்திரை அட்டை வீட்டில் இல்லை. டிபன் பையின் அடியில் வைத்து, கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் போட்டுக்கொள்கிறாள். அவள் மாமியார் நேற்று அம்மாவுக்குப் போன் செய்து, நல்ல டாக்டர் யாராவது தெரியுமா என்று கேட்டாராம்.