பெயர்ப்பலகை இல்லை என்பது ஒரு தகுதியா?

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காட்பாடிக் கூட்டத்தில் ஒரு சுயாதீன சபைத் தம்பி பேசிய துண்டு நேற்று ராத்திரிக்குள் குடும்பக் குரூப், ஸ்கூல் குரூப், சபை குரூப் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. "நாங்க எந்தப் பிரிவும் இல்ல. சிஎஸ்ஐ இல்ல, லுத்தரன் இல்ல, பாப்டிஸ்ட் இல்ல. எங்களுக்கு இயேசு மட்டும் போதும். அவங்க போர்டைக் கும்பிட்டுகினு இருக்காங்க." உடனே கைதட்டல். கைதட்டியவர்களில் எங்கள் பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

போர்டைக் கும்பிடுகிறோமாம். பாப்டிஸ்ட் என்ற பெயரை வைத்து இந்த வேலூரில் எங்களுக்கு என்ன கிடைத்தது? 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை (எஸ்.ஐ.யு.சி.) எல்லாம் அதில் இணைந்தன; பாப்டிஸ்டுகள் இணையவில்லை. அதனால் இந்த ஊரில் நாங்கள் ஒரு கைப்பிடி. "பாப்டிஸ்ட்னா பெந்தெகொஸ்தாபா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சிஎம்சிக்கும் விஐடிக்கும் படிக்க வரும் நாகாலாந்துப் பிள்ளைகளுக்குத்தான் எங்களை விளக்கம் இல்லாமல் புரியும். அவர்கள் மாநிலத்தில் பெரும்பான்மையே பாப்டிஸ்டுகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பியுடையது போல எந்தப் பிரிவிலும் சேராத சுயாதீன சபைக்கும் பாப்டிஸ்ட் சபைக்கும் உள்ள வித்தியாசம் பலகையில் இல்லை. தண்ணீரிலும் இல்லை. இரண்டு பேருமே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசித்து, வாயால் அறிக்கை செய்தவரை முழுக்குகிறோம். வேதாகமமே கடைசி அதிகாரம் என்கிறோம். இரண்டு பக்கமும் பல சபைகளை மேலிருந்து ஆளும் பிஷப் முறை பொதுவாகக் கிடையாது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? சபையில் கடைசி வார்த்தை யாருடையது என்பதில். பாப்டிஸ்ட் சபையில் அது சபையாருடையது. போதகரை அழைப்பதும், வேண்டாம் என்றால் அனுப்புவதும், உதவிக்காரர்களைத் தெரிந்தெடுப்பதும், காணிக்கைக் கணக்கை ஏற்பதும் அங்கத்தினர் கூட்டம். நம் பக்கத்துச் சுயாதீன சபைகள் பெரும்பாலானவற்றில் கடைசி வார்த்தை ஆரம்பித்தவருடையது. அவருக்குப் பிறகு அவர் மகனுடையது.

"நாங்க யாருக்கும் கீழ இல்ல" என்று அந்தத் தம்பி பெருமைப்படுகிறார். ஒவ்வொரு பாப்டிஸ்ட் சபையும் சுயாதீனமானதுதான் தம்பி! எங்கள் சங்கங்கள் கூட்டுறவுக்காக இருப்பவை, ஆள்வதற்காக அல்ல. அமெரிக்காவில் சாடில்பேக் என்று ஒரு மிகப் பெரிய சபை. அதன் பெயரில் பாப்டிஸ்ட் என்ற சொல்லே கிடையாது. ஆனால் பல வருடங்களாகத் தெற்கத்திய பாப்டிஸ்ட் சங்கத்தில் இருந்தது. பெண் ஒருவரைப் போதகராக வைத்ததற்காக 2023-ல் சங்கம் அந்தச் சபையோடு ஐக்கியத்தை முறித்துக்கொண்டது. (அந்த முடிவில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. அது வேறு பதிவு.) ஆனால் சங்கத்தால் அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அவர்கள் கட்டடத்தைத் தொடவோ, போதகரை மாற்றவோ முடியவில்லை. இதுதான் பாப்டிஸ்ட் முறை. வெளியே இருந்து ஆள யாரும் கிடையாது; உள்ளே கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

போதனையும் அப்படித்தான். 1644-ல் லண்டனில் ஏழு பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து விசுவாச அறிக்கை வெளியிட்டன. நாங்கள் அதை வேதத்துக்குச் சமமாக வைப்பதில்லை. ஆனால் எழுதி வைத்திருப்பதால், பிரசங்கத்தில் வழி மாறிப் போகிறவரை எழுந்து நின்று கேட்கலாம். அந்நியபாஷை (ஆவியில் நிறைந்து பேசும், கற்காத மொழி) பேசாதவன் ஆவி பெறாதவன் என்று எங்கள் பீடத்தில் ஒருவர் சொன்னால், எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க ஆள் இருக்கிறது. எழுதியதே இல்லாத இடத்தில் போன வாரம் பாஸ்டர் சொன்னதுதான் உபதேசம்.

இந்தப் பெயருக்காகச் செத்தவர்கள் இருக்கிறார்கள். 1612-ல் இங்கிலாந்தில் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கிய தாமஸ் ஹெல்விஸ், "ராஜாவும் சாகிற மனிதன்தான், தேவன் அல்ல, ஜனங்களுடைய ஆத்துமாவின்மேல் அவருக்கு அதிகாரமில்லை" என்று முதலாம் ஜேம்ஸ் ராஜாவுக்கே எழுதினார். தனக்கு மட்டுமா கேட்டார்? இஸ்லாமியருக்கும் யூதருக்கும் சேர்த்து மனச்சாட்சி சுதந்திரம் கேட்டார். நியூகேட் சிறையில் போட்டார்கள், அதோடு முடிந்தது அவர் வாழ்க்கை. ராஜாவுக்குக் கொடுக்காத அதிகாரத்தை மைக் பிடித்தவருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

எங்கள் பாட்டி வழி ஆந்திராவின் ஓங்கோல். தாது வருஷப் பஞ்சத்தில் ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் காண்டிராக்டை எடுத்து, பசியில் கிடந்த மாதிகா என்ற தலித் ஜனங்களுக்கு வேலை கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். கஞ்சிக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று நிவாரண வேலை முடியும்வரை யாருக்கும் கொடுக்கவில்லை. 1878 ஜூலை 3, குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர். என் பாட்டியின் முன்னோர்கள் அந்த ஜனத்தில் வந்தவர்கள். ஆள் சேர்க்கும் அவசரம் இல்லாத அந்தப் பொறுமையைப் போர்டு என்கிறாரா?

பெரியம்மா கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சொன்னால் வருத்தப்படுவாரோ என்று கேட்டேன், "எழுது கண்ணு" என்றார். பல வருடங்கள் ஒரு சுயாதீன சபையில் இருந்தார். கட்டட நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தவர். நிறுவிய ஐயா இறந்தபோதுதான் நிலப் பத்திரம் அவர் சொந்தப் பெயரில் இருந்தது வெளியே தெரிந்தது. மகன் பாஸ்டர் ஆனார். பெரியம்மா ஒரு ஞாயிறு எழுந்து, கட்டடக் கணக்கை வாசிக்கலாமே என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அடுத்த வாரப் பிரசங்கம், வேதாகமத்தில் மோசேக்கு எதிராக எழுந்த கோராகின் கலகம். பூமி வாய் திறந்து விழுங்கியதை விவரித்துவிட்டு, அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே என்று முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சபையில் யாரும் பெரியம்மாவோடு பேசவில்லை.

பிறகு எங்கள் சபைக்கு வந்தார். ஒரு அங்கத்தினர் கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தார். குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும், பீடி சுற்றும் அக்கா ஒருவர் எழுந்து, "மைக் ரிப்பேருக்கு இவ்ளோவா? பில்லு இருக்குதா?" என்றார். போதகரே உள்ளே போய் பில்லை எடுத்து வந்து காட்டினார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "இப்டிக் கேட்டா அவரு கோச்சிக்க மாட்டாரா?"

இதை நான் மறக்க வேண்டுமா? மறந்துவிட்டு, பெயர் இல்லாததே பரிசுத்தம் என்று கைதட்ட வேண்டுமா?

இனி கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். "உங்க பாப்டிஸ்டுகளுக்குள்ள சண்டை இல்லையா, கோர்ட்டுக்குப் போகலையா?" போயிருக்கிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குக் கேட்டவனைக் கோராகு என்று சொல்வதைவிட, கணக்குக்காகச் சண்டை போடுவது மேல்.

"சுயாதீன ஊழியர்கள்தான் யாரும் போகாத இடத்துக்குப் போகிறார்கள்." இது உண்மை, மனதாரச் சொல்கிறேன். சிஎம்சியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து பாஷை தெரியாமல் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ரத்தம் கொடுக்க ஆள் தேடி, கூடவே உட்கார்ந்திருக்கும் சுயாதீன ஊழியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் காலைத் தொட்டு வணங்குவேன். எங்கள் சபையார் அதில் பாதிகூடச் செய்வதில்லை. மூப்பர் குழு வைத்து, டிரஸ்டு பதிந்து, வருடா வருடம் ஆடிட் செய்யும் சுயாதீன சபைகளும் இருக்கின்றன. அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வீடியோவில் பேசியது அவர்கள் அல்ல.

"கிறிஸ்துவின் சரீரத்தைப் பிரிக்கிறாய்." இதுதான் ரொம்ப வலிக்கிறது. மைக் போட்டு, கூட்டம் கூட்டி, எங்களைப் போர்டு கும்பிடுகிறவர்கள் என்றது நானா? கைதட்டிய அந்த இரண்டு பிள்ளைகளும் சாட்சி சொல்லி நின்றபோது, இவர்களை ஞானஸ்நானத்துக்குச் சேர்க்கலாம் என்று கை தூக்கியவர்களில் பெரியம்மாவும் ஒருவர். பாட்டு நன்றாக இருக்கிறது, லைட் நன்றாக இருக்கிறது என்று போனார்கள். போகட்டும். அவர்களைத் தடுக்கிற அதிகாரமும் எங்களுக்கு இல்லை. அதுவும் பாப்டிஸ்ட் நம்பிக்கைதான். ஆனால் வளர்த்த வீட்டைப் பார்த்துச் சிரிக்கும்போது கைதட்டியிருக்க வேண்டாம்.

அந்தத் தம்பியிடம் இரண்டே கேள்வி. உங்கள் சபைக் கட்டடப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? போன வருஷக் கணக்கைச் சபையார் முன் எப்போது வாசித்தீர்கள்? அதே மேடையில், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். நானே எல்லா குரூப்பிலும் போடுகிறேன்.

எங்கள் அங்கத்தினர் கூட்டம் மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும். அங்கத்தினர் அல்லாதவர்களும் வந்து உட்காரலாம், ஓட்டு மட்டும் கிடையாது. கணக்கு நோட்டு மேசைமேல் இருக்கும். திட்டி எழுதப்போகிறவர்கள் அதை ஒருமுறை வந்து புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.