மாமூல் தடத்தின் குறுக்கே ஒரு கம்பிவேலி

பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையில் கோபாலபுரத்தை ஒட்டி இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்குப் பக்கத்துத் தோட்டத்து வரப்போரமாகத்தான் வண்டித்தடம் வருகிறது. அப்பா காலத்தில் மாட்டுவண்டியும் பிறகு டிராக்டரும் போய்வந்த தடம் அது. அந்தத் தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர் தடத்தின் குறுக்கே கல்லுக்கால் நட்டு, முள்கம்பி கட்டிவிட்டார். பறித்த காய்கள் தோப்புக்குள் குவிந்து கிடக்க, ஆட்கள் அவற்றைச் சாக்கில் கட்டி, வழுக்கும் வாய்க்கால் மேட்டில் தலைச்சுமையாகக் கொண்டு செல்வதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கேட்டால், பட்டா தன் பெயரில் இருக்கிறது என்கிறார். அதை யார் மறுத்தார்கள்? அவருடைய கிரயப் பத்திரத்திலேயே 'மாமூல் வழிநடைப் பாத்தியம்', அதாவது வழக்கமாகப் போய்வரும் வழிக்கான உரிமை, என்று எழுதியிருக்கிறதே! பிறர் நிலத்தின் வழியே போய்வருவது போன்ற உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் தடையின்றியும் உரிமையோடும் பயன்படுத்திய வழியை அறுதியான உரிமையாக ஏற்கிறது. நிலம் கைமாறியதால் மட்டும் அது அற்றுப்போவதில்லை.

காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்களோ பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். தடையை அறிந்த பிறகும் ஓராண்டு இணங்கியிருந்தால் வழியைப் பயன்படுத்திவந்த தொடர்ச்சி அறுபட்டதாகவே சட்டம் கொள்ளும் என்னும்போது, எப்படிப் பொறுப்பது? தடத்தை மறிக்கக் கூடாது என்று நீதிமன்றம் இடும் உறுத்துக்கட்டளை கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடத்தான் போகிறோம். பேச விரும்புகிறவர்கள் முதலில் கம்பியை அவிழ்த்துவிட்டு வரட்டும்.