கொழுப்பை நிறுத்துவது பற்றி ஒரு திருத்தம்

மேலே ஓர் அண்ணா எழுதியிருப்பது: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடம்பின் சுரப்புகள் தடித்துப் போகும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைக்கு மலம் எண்ணெயாகப் போவதால் தேங்காய்ப்பால், முட்டை, நெய் எல்லாவற்றையும் நிப்பாட்ட வேண்டும் என்று.

அக்கறையில்தான் சொல்லியிருக்கிறீர்கள் அண்ணா, ஆனால் அது சரியில்லை. இந்த நோயில் தடித்த சுரப்பு சதையியின் (கணையத்தின்) குழாய்களை அடைத்துவிடும். கொழுப்பைச் செரிக்கிற நொதியம் குடலுக்கு வந்து சேராது. நோயுள்ள 100 பேரில் ஏறக்குறைய 85 பேருக்கு இந்த நிலைதான். கொழுப்பை நிறுத்தினால் ஏற்கெனவே மெலிந்த பிள்ளை இன்னும் மெலியும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் உடம்பில் சேராது. அதனால்தான் வைத்தியர்கள் சாப்பாட்டோடு நொதியக் கப்சூலைக் கொடுத்து, கொழுப்புக் கூடிய உணவையே கொடுக்கச் சொல்கிறார்கள். பிறகும் எண்ணெயாகப் போனால் கப்சூலின் அளவைத்தான் பார்க்க வேண்டும். அதை வைத்தியரே மாற்றட்டும், நீங்களாகக் கூட்டவேண்டாம்.

கப்சூல் பெட்டிக்குள் இருக்கும் துண்டை ஒருக்கா வாசித்துப் பாருங்கோ: லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கிற நொதியம்) என்ற பெயரும், சாப்பாட்டோடு எடுக்கும்படியும் இருக்கும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சிறுவர் கிளினிக்குக்குப் போகும்போது, பிள்ளையின் நிறை எழுதிய கொப்பியைக் காட்டி கொழுப்பை நிப்பாட்ட வேண்டுமா என்று கேளுங்கோ. அதுவரை தேங்காய்ப்பாலை நிப்பாட்டாதேங்கோ.