இரத்தப் புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "இரத்தப் புற்றுநோய் வந்தவங்க வீட்டுல தண்ணி கூடக் குடிக்காதீங்க, தொத்திக்கும்." இது பொய்.

எலும்பு மஜ்ஜையில் உருவாகும் இரத்த அணுக்களின் மரபணு மாறுவதால் வரும் நோய் இது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது.

அப்புறம் ஏன் நோயாளிகள் முகக்கவசம் போடுகிறார்கள்? நோயும் மருந்தும் அவர்களுடைய எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். நம்முடைய சளி, காய்ச்சல் அவர்களுக்குத்தான் ஆபத்து. உங்களுக்குச் சளி இருந்தால் போகாதீர்கள். இல்லையென்றால் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மீன்குழம்பு கொண்டுபோனால் நன்றாக வேகவைத்து, சூடாகக் கொடுங்கள்.

கடலுக்குப் போகும் வீட்டில் ஒருவர் மதுரை ஆஸ்பத்திரிக்குத் துணை போனால் அன்றைய வருமானம் போச்சு. அந்த நேரத்தில் அக்கம்பக்கம் ஒதுங்கினால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு, துணைக்கு ஓர் ஆள், இதுதான் அவர்களுக்கு வேண்டியது. இரத்தமும் வேண்டும். இரத்தத்தில் இருந்து பிரித்தெடுக்கும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) பொதுவாக 5 நாள்தான் சேமிக்க முடியும் என்பதால் கொடையாளர்கள் திரும்பத் திரும்பத் தேவைப்படுவார்கள். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள் இரத்தம் கொடுக்கலாம்.