அமைச்சர் போடும் பதிவு யாருடைய வார்த்தை?

2017 ஜனவரியில் அமேசானின் கனடா தளத்தில் இந்தியக் கொடி போட்ட மிதியடி விற்பனைக்கு வந்தது. அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் ட்விட்டரில் பொங்கினார். உடனே அதை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்காவிட்டால் அமேசான் அதிகாரிகள் யாருக்கும் இந்திய விசா கிடையாது, ஏற்கெனவே கொடுத்ததும் ரத்து என்றார். எழுதியது அமைச்சகத்தின் கணக்கில் இல்லை, அவர் பெயரில் இருந்த கணக்கில். மிதியடி தளத்திலிருந்து நீக்கப்பட்டது.

அது அவருடைய சொந்தக் கருத்தா? விசா கொடுப்பதும் மறுப்பதும் அரசின் அதிகாரம். அந்தப் பதிவுக்குப் பலம் கொடுத்தது அந்த அதிகாரம்தான். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேர் அதே கணக்கில் முறையிட்டு உதவி பெற்றார்கள். அதை நான் இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஒரு அமைச்சர் வாய்க்கு வந்ததை எழுதி மாட்டிக்கொண்டால் மட்டும் "அது அவருடைய தனிப்பட்ட கருத்து" என்று எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் சட்டமும் இங்கே அவர்களுக்குச் சாதகமாகவே நிற்கிறது. 2016இல் புலந்த்சகரில் நடந்த கூட்டுப் பாலியல் கொடுமையை அரசியல் சதி என்பதுபோல அன்றைய உ.பி. அமைச்சர் ஆசம் கான் பேசினார். அதிலிருந்து கிளம்பிய கௌஷல் கிஷோர் வழக்கில் 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அமைச்சர் சொன்னது அரசு விவகாரம் பற்றியே இருந்தாலும், அமைச்சரவை முழுவதும் சேர்ந்து ஏற்கும் கூட்டுப் பொறுப்பு என்று சொல்லி அதை அரசின் தலையில் ஏற்ற முடியாது என்றார்கள் 4 பேர். நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். போகிற போக்கில் சொன்ன சொந்தக் கருத்து வேறு, அரசின் கருத்தாகவே வரும் பேச்சு வேறு, இரண்டாவதற்கு அரசு பொறுப்பு என்றார். பேச்சுக்குச் சொன்ன இந்த அளவுகோல் பதிவுக்கும் பொருந்தும். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் லிண்ட்கே எதிர் ஃப்ரீட் வழக்கில் இதே சிக்கலுக்கு வேறு வழி காட்டியது. ஒரு நகர நிர்வாகி தன் முகநூல் பக்கத்தில் விமர்சித்தவரை பிளாக் செய்த விவகாரம் அது. அரசுக்காகப் பேச அவருக்கு உண்மையிலேயே அதிகாரம் உண்டா? அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகக் காட்டிக்கொண்டாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது அரசின் செயல். சுஷ்மாவின் விசா பதிவு இதில் சந்தேகமில்லாமல் தேறும். ஒரு அமைச்சர் போடும் பேரன் பிறந்தநாள் படம் தேறாது. சரி, அது தேறவும் வேண்டாம்.

அப்புறம், பதிவை அழிப்பது. டிரம்ப் முதல் முறை அதிபராக இருந்தபோது, அழித்த ட்வீட்டையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும் என்று அந்நாட்டு ஆவணக் காப்பகம் வெள்ளை மாளிகையிடம் சொன்னது. நம்முடைய பொது ஆவணங்கள் சட்டம் 1993இல் வந்தது, சமூக ஊடகம் என்ற ஒன்றே இல்லாத காலம். அமைச்சர்கள் தம் பதவி குறித்து எழுதும் பதிவுகள், எந்தக் கணக்கில் இருந்தாலும், அந்தச் சட்டத்துக்குள் பெயர் சொல்லி வர வேண்டும். அழித்த பதிவை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் கேட்டாலும், எழுதிய தேதியோடும் அழித்த தேதியோடும் கொடுக்க வேண்டும்.